என் இனிஷியலும் ஒரு ஜான்சனும்

எங்கள் வீட்டில் அப்பாவுக்கு ‘உன் இனிஷியல்’ என்று பெயர். வைத்தது அம்மா. எனக்கு நாலு வயதாக இருக்கும்போது, திருப்பூரில் வேலை இருக்கிறது, போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பியவர் அங்கேயே வேறொரு குடும்பத்தோடு தங்கிவிட்டார். அதற்குப் பிறகு அவரைப் பற்றிப் பேச வேண்டிய சந்தர்ப்பங்கள் குறைந்துபோயின. தவிர்க்க முடியாமல் பேச வந்தால் அம்மா, “உன் இனிஷியலோட தங்கச்சி மகளுக்குக் கல்யாணமாம், பத்திரிகை வந்துருக்கு” என்பாள். அவர் பெயரை அம்மா உச்சரித்து நான் கேட்டதில்லை. புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்கிற மரியாதை ஒன்றும் அதில் கிடையாது. ஒரு எழுத்துக்கு மேல் அந்த ஆளுக்கு இடம் கொடுக்க அவளுக்கு மனமில்லை.

எனக்கும் அந்த ஏற்பாடு வசதியாகவே இருந்தது. பள்ளிக்கூடத்தில் என் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்து, அதன் பக்கத்தில் ஒரு புள்ளி. வருகைப் பதிவேட்டை வாசிக்கும் ஆசிரியர் அந்த எழுத்தை ஒரே எட்டில் தாண்டி என் பெயருக்கு வந்துவிடுவார். வகுப்பில் அதே பெயரில் இன்னொருவன் இருந்ததால் எழுத்துக்கும் ஒரு வேலை இருந்தது, அவ்வளவுதான். அம்மா அந்தப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்த்தாள். என் தட்டில் முட்டை வைக்கும்போது மற்றப் பிள்ளைகளுக்கு வைப்பதைவிடச் சின்னதாகப் பார்த்து எடுப்பாள். தன் மகனுக்குப் பெரியதை வைத்தாள் என்று யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதாம். அவள் அப்படிப்பட்ட ஆள்.

வளைகுடாவுக்கு வேலைக்குப் போவதற்காகப் புதுக்கோட்டையில் ஓர் ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டுக்கு எழுதக் கொடுத்தேன். அவர் என் சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு, “இனிஷியல்லாம் பாஸ்போர்ட்ல செல்லாது தம்பி, விரிச்சு எழுதணும்” என்றார். விரித்தார். குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. எங்கள் குடும்பத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்றேன். கட்டத்தைக் காலியாக விட்டால் விசா வராது என்று அவரே அப்பாவின் பெயரை முழுசாக அதில் எழுதிவிட்டார். வேலை கிடைத்த சந்தோஷத்தில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு தாளில் ஒரு கட்டம்தானே என்று நினைத்தேன்.

துபாய் விமான நிலையத்தில் இறங்கி வெளியே வந்தபோது, கம்பெனிகளிலிருந்து ஆள் அழைத்துப்போக வந்தவர்கள் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். என் பெயர் எழுதிய அட்டை எங்கேயும் இல்லை. அரை மணி நேரம் தேடினேன். நான் தேடிக்கொண்டிருந்த அத்தனை நேரமும், உயரமான, வெள்ளைத் தலைப்பாகை கட்டிய ஒரு சூடான்காரர் எனக்குப் பக்கத்திலேயே என் அப்பாவின் பெயரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். கூட்டமெல்லாம் கலைந்த பிறகு அவர் அட்டையை என் முகத்துக்கு நேரே நீட்டி இது நீயா என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், அது நான் இல்லை, என் அப்பா என்றேன். அவர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, அப்பா எங்கே, ஏன் இன்னும் வரவில்லை என்று அக்கறையாக விசாரித்தார். அவர் வரமாட்டார் என்றேன். இருபது வருடமாக அம்மாவிடம் கேட்காமல் விட்ட கேள்விக்கு, அந்நிய தேசத்தில் இறங்கிய முதல் மணி நேரத்திலேயே நானே பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

அன்றிலிருந்து பதினோரு வருடங்கள் அந்தப் பெயர்தான் நான். ஊரில் ஒற்றை எழுத்தாகச் சுருண்டு கிடந்த மனிதர் இங்கே முழுப் பெயரோடு எழுந்து எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தார். அல் கூஸில் கட்டிடங்களுக்குச் சாரம் கட்டும் பைப்பும் கிளாம்ப்பும் வாடகைக்கு விடும் கம்பெனியில் எனக்கு ஸ்டோர் கீப்பர் வேலை. சட்டையில் குத்திய அட்டையில் அவர் பெயர் பெரிதாகவும் என் பெயர் பொடியாகவும் இருக்கும். பஞ்சாபி டிரைவர் அந்தப் பெயரோடு பாய் சேர்த்துக் கூப்பிடுவார். மலையாளிகள் சேட்டன் சேர்ப்பார்கள். வாக்கிடாக்கியில் நாள் முழுக்க அந்தப் பெயர் கரகரக்கும். சைட்டுக்கு லோடு தாமதமாகப் போனால் திட்டு விழுவது அவருக்கு. அதில் ஒரு சின்ன சந்தோஷம் எனக்கு இருந்ததை மறைக்க மாட்டேன்.

ஆனால் பாராட்டும் அவருக்கே போனதுதான் பொறுக்கவில்லை. ஒரு வருடம் கடும் வெயில் காலத்தில் யார்டையே தலைகீழாக மாற்றி, எந்தப் பைப் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும்படி அடுக்கினேன். மாதத்தின் சிறந்த ஊழியர் என்று சட்டம் போட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். தங்க நிறத்தில், சுருள் சுருளாக, அவர் பெயர். ஊரில் எந்த வேலையிலும் முழுசாக ஒரு மாதம் இருந்து பார்க்காத மனுஷனுக்கு மாதத்தின் சிறந்த ஊழியர் விருது! அதை வாங்கும்போது எனக்கு வந்த கோபத்தைப் போட்டோவில் பார்த்தவர்கள் பணிவு என்று நினைத்துக்கொண்டார்கள். அம்மாவுக்கு அனுப்பிய போட்டோவில் அந்தப் பெயரைக் கட்டைவிரலால் மறைத்துப் பிடித்திருந்தேன். இங்கே என்னை அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று அவளிடம் நான் சொன்னதே இல்லை. பாஸ்போர்ட்டில் இருப்பது அவளுக்குத் தெரியும். அது பாஸ்போர்ட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

திருத்திப் பார்க்காமல் இல்லை. என் பெயர் இது, இப்படிக் கூப்பிடுங்கள் என்று ஆபீசில் எல்லோரிடமும் சொன்னேன். இரண்டு நாள் கூப்பிட்டார்கள். மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிட்டது. மேலே கம்ப்யூட்டரிலும் சம்பள ஸ்லிப்பிலும் கதவில் ஒட்டிய பட்டியலிலும் அந்தப் பெயர் இருக்கும்போது, கீழே நான் ஒருவன் மட்டும் வேறு பெயரில் இருப்பது அவர்களுக்குக் குழப்பமாக இருந்திருக்கும்.

இந்த நிலைமையில்தான் ஜான்சன் வந்தார். வட இங்கிலாந்துக்காரர், எங்களுக்கு ஆபரேஷன்ஸ் மேனேஜர். ஸ்டோராகப் பயன்பட்ட கண்டெய்னரில் என்னுடைய ஏசிதான் அந்த யார்டிலேயே நன்றாகக் குளிரும் என்பதை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்து, மதிய உணவை அங்கே கொண்டுவந்து சாப்பிட ஆரம்பித்தார். அவருக்கு இரண்டு துண்டு ரொட்டி, நடுவில் வெள்ளரிக்காய். நாலு நாள் பார்த்துவிட்டு மனசு கேட்காமல் என் எலுமிச்சைச் சாதத்தில் கொஞ்சம் வைத்தேன். ஐந்தாம் நாளிலிருந்து அவர் ரொட்டியே கொண்டுவரவில்லை.

எங்கள் டிராயிங் செக்‌ஷனில் ஏற்கெனவே ஒரு மலையாளி ஜான்சன் இருந்தான். மேனேஜருக்கு வர வேண்டிய ரகசிய மெயில்கள் அவனுக்கும், அவனுக்கு வர வேண்டிய சாரத்தின் அளவுகள் மேனேஜருக்கும் போய்க்கொண்டிருந்தன. உங்கள் குடும்பமும் இங்கிலாந்திலிருந்து வந்ததா என்று மேனேஜர் அவனைக் கேட்டிருக்கிறார். அவன், அது குடும்பப் பெயர் இல்லை, மாமோதீசாவில், அதாவது ஞானஸ்நானத்தில், வைத்த பெயர் என்றிருக்கிறான். மேனேஜர் அன்று மதியம் ஆச்சரியத்தோடு அதைச் சொன்னபோது நான், எங்கள் பக்கத்திலும் அப்படித்தான், என்னோடு படித்த இரண்டு ஜான்சன்களில் ஒருவனுடைய அப்பா பெயர்கூட ஜான் இல்லை என்றேன். அப்படியானால் அவர்கள் யாருடைய மகன்கள் என்று கேட்டார். எங்கள் ஊரில் அந்தக் கேள்வியை இப்படி நேராகக் கேட்டால் அடிதடி ஆகிவிடும் சார் என்றேன்.

அப்புறம்தான் விளக்கினார். ஜான்சன் என்றால் ஜானின் மகன். பழைய காலத்தில் அங்கேயும் நம்மைப் போலத்தானாம். ஜானின் மகன் வில்லியம் என்றால் அவன் வில்லியம் ஜான்சன், அவனுடைய மகன் வில்லியம்சன் என்று தலைமுறைக்குத் தலைமுறை அப்பா பெயர் மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. வரி போடுகிறவர்களுக்கும் சொத்துப் பத்திரம் எழுதுகிறவர்களுக்கும் அது தொல்லையாக இருக்க, ஏதோ ஒரு தலைமுறையில் எந்தப் பெயர் நின்றதோ அதுவே காலாகாலத்துக்கும் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு அவருடைய அப்பாவும் ஜான் இல்லை, தாத்தாவும் ஜான் இல்லை. ஆனால் எல்லோரும் ஜானின் மகன்கள். மகள்களும் ஜானின் மகன்களே. சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது.

இதற்குள் கையெழுத்து வாங்க வந்து நின்றிருந்தார் எங்கள் சூடான்காரர். என்னை முதல் நாள் அழைத்து வந்தவர்தான். இப்போது கம்பெனியின் விசா, அரசாங்கக் காகித வேலைகள் எல்லாம் அவர் கையில். ஜான் என்றால் எங்கள் யஹ்யா என்று அவர் சொன்னார். எங்கள் பக்கத்துச் சர்ச்சில் யோவான் என்பார்கள் என்று நான் சொன்னேன். கடவுள் கருணை உள்ளவர் என்று அதற்குப் பொருள் என்று ஜான்சன் சொன்னார். அரேபியர்களும் அப்பா பெயரைச் சேர்ப்பவர்கள்தான், ஆனால் ஒரு தலைமுறையோடு விடமாட்டார்கள். சூடான்காரர் தன் பெயரைத் தொடர்ந்து அப்பா, அவருடைய அப்பா, அவருடைய அப்பா என்று மூச்சு விடாமல் ஒன்பது பேரைச் சொன்னார். என் முறை வந்தது. நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

ஜான்சன் விடுமுறை நாட்களையெல்லாம் செலவழித்துத் தன் வம்சாவளியைத் தேடிக்கொண்டிருந்தார். சர்ச்சுப் பதிவேடுகள், கல்லறை எழுத்துகள் என்று பின்னோக்கிப் போய், ஒரு கட்டத்தில் சுவரில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டார். ஒரு காலத்தில் அங்கே ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு ஜான்கள். ஒவ்வொரு ஜானும் ஒரு ஜான்சன் கூட்டத்தை உண்டாக்கியிருக்கிறான். அதனால்தான் அந்தப் பெயர் அங்கே இவ்வளவு அதிகம் என்றும், இரண்டு ஜான்சன்கள் சந்தித்தால் அவர்கள் சொந்தமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை என்றும் சொன்னார். தன்னுடைய ஜான் எந்த ஜான், நல்லவனா, குடிகாரனா, ஆடு திருடியவனா, எதுவும் தெரியாது. தெரியாத ஒருவனைத் தலைமுறை தலைமுறையாகத் தூக்கிக்கொண்டு திரிகிறோம் என்றார். பிறகு என் சட்டையில் இருந்த அட்டையைப் பார்த்துச் சொன்னார்:

“உங்களுக்காவது உங்கள் ஜான் யார் என்று தெரியும்.”

“தெரியும் சார். அதுதான் பிரச்சினை” என்றேன்.

அன்றைக்குத்தான் முதல் முறையாக ஒரு வெளி ஆளிடம் முழுக் கதையையும் சொன்னேன். ஜான்சன் சாதத்தைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, தன் அம்மா பிறந்த வீட்டுப் பெயர் டில்லட்சன் என்றார். அது மட்டில்டா என்கிற ஒரு பெண்ணின் செல்லப் பெயரிலிருந்து வந்ததாம். அங்கே பெரும்பாலும் அப்பா பெயர்தான் ஒட்டும். ஆனால் விதவையாகவோ தனியாகவோ நின்று பிள்ளைகளை வளர்த்தவளின் பெயரும் சில இடங்களில் ஒட்டிக்கொண்டதாம். இன்றைக்கும் அந்த மட்டில்டாவின் பெயரை நூற்றுக்கணக்கான ஆண்கள் சுமக்கிறார்கள் என்றார். எனக்குச் சாப்பிட்ட தட்டைக் கழுவத் தோன்றவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஏனென்றால் அப்போது என் மனைவிக்கு ஏழாம் மாதம். குழந்தையின் பெயருக்குப் பின்னால் யார் பெயர் வர வேண்டும் என்பதில் வீட்டில் பெரிய இழுபறி நடந்துகொண்டிருந்தது.

மனைவியின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக இருப்பது என் பெயர். அதாவது என் குடும்பப் பெயர் வேறு, அவள் குடும்பப் பெயர் வேறு. கல்யாணமான புதிதில் ராஸ் அல் கைமாவில் ஒரு ஹோட்டலுக்குப் போனபோது, இரண்டு பாஸ்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்த ரிசப்ஷன் ஆள் கல்யாணச் சான்றிதழ் கேட்டான். அது பர் துபாயில் எங்கள் வீட்டு அலமாரியில் இருந்தது. கடைசியில் கல்யாண வீடியோவை போனில் ஓட விட்டு, தாலி கட்டும் இடத்தில் நிறுத்திக் காட்டித்தான் அறை வாங்கினோம். அந்த அனுபவத்துக்குப் பிறகு அவளுக்கு ஒரே பிடிவாதம். குழந்தைக்காவது அப்பாவின் குடும்பப் பெயரே இருக்கட்டும், ஏர்போர்ட்டில் ஒரு பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டு விளக்கம் சொல்ல முடியாது என்றாள். சூடான்காரரும் அதையேதான் சொன்னார். விசா ஸ்பான்சர் நீ, பிள்ளைக்கும் உன் குடும்பப் பெயரைப் போடு, கலாஸ், மாஃபி முஷ்கிலா, அத்தோடு முடிந்தது, ஒரு பிரச்சினையும் இல்லை என்றார். எனக்கோ வயிறு எரிந்தது. என் பிள்ளையைப் பள்ளியில் கூப்பிடும்போதும், அதற்குப் பரிசு கொடுக்கும்போதும், மேடையில் அந்த ஆளின் பெயரா ஒலிக்க வேண்டும்? ஜான்சன் வீட்டு ஜானைப் போல அவர் காலம் முழுக்கத் தொடர்ந்து வருவதற்கு நான் வழி அமைத்துக் கொடுப்பதா?

அம்மா பெயரைப் போடுவது என்று முடிவு செய்தேன். மட்டில்டாவுக்கு ஒரு நியாயம், என் அம்மாவுக்கு ஒரு நியாயமா? இப்போது ஊரிலேயே அம்மா பெயரை இனிஷியலாகப் போட்டுக்கொள்ளலாம். மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அப்படியானால் ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர், இனி ஹோட்டல் பக்கமே போக முடியாது என்றாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மாவிடம் இதைச் சொல்லாமல், பிரசவத்துக்கு வந்ததும் நேரில் சொல்லி ஆச்சரியப்படுத்துவது என்று வைத்திருந்தேன்.

மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்ததால் பிரசவம் பார்க்க அம்மாதான் வருவதாக ஏற்பாடு. அவளுடைய பாஸ்போர்ட்டுக்கு அதே புதுக்கோட்டை ஏஜெண்டிடம் போயிருக்கிறாள். குடும்பப் பெயருக்குப் புருஷன் பெயர் போடவா என்று அவர் கேட்டதற்கு, எங்கப்பா பேரைப் போடுங்க என்றிருக்கிறாள். எனக்கு போன் செய்து, “உன் இனிஷியல நீ சுமந்துக்கிட்டுத் திரி, நான் எங்கப்பாவோட வர்றேன்” என்றாள்.

திருச்சி விமானம் காலையில் வந்தது. சூடான்காரர் கம்பெனி வண்டியைக் கொண்டுவந்திருந்தார். முன்னால் நான், பின்னால் மனைவியும் அம்மாவும், அம்மாவின் மடியில் சுக்கும் வசம்பும் பூண்டும் நிறைந்த பை. வண்டி நகர்ந்ததும் அவர் பேச ஆரம்பித்தார். அவருக்கும் எனக்கும் பொதுவான மொழி, இரண்டு பேருக்குமே சொந்தமில்லாத இந்தி. அம்மாவுக்கு அதில் ஒரு சொல்லும் புரியாது, ஒரே ஒரு சொல்லைத் தவிர. அந்தச் சொல்லைத்தான் அவர் வாக்கியத்துக்கு ஒரு முறை சொல்லிக்கொண்டு வந்தார். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டுவிட்டு அந்தப் பெயர், சாலையில் கூட்டம் என்று சொல்லிவிட்டு அந்தப் பெயர்.  பின்னால் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. கர்ஹூத் பாலம் ஏறும்போது அம்மா வாயைத் திறந்தாள்.

“யாருடா அது? வண்டி ஏறுனதுலேருந்து இவரு அந்தப் பேரைச் சொல்லிக்கிட்டே வர்றாரு.”

“நான்தாம்மா. இங்க என்னை அப்படித்தான் கூப்புடுவாங்க.”

“எப்பேருந்து?”

“வந்த நாள்லேருந்து.”

வண்டி பாலத்தைத் தாண்டியது. பதினோரு வருடம் கட்டைவிரலால் மறைத்தது பாழாகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

“ஊருல சேந்தாப்புல ஒரு வாரம் வேலைக்குப் போகாத மனுஷன். இங்க வந்து பதினோரு வருஷமாவா டூட்டி பாக்குறாரு?”

மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சூடான்காரர் என்ன என்ன என்று கேட்டார். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். புரிவதற்கு அவருக்கு ஒரு சிக்னல் நேரம் ஆயிற்று. புரிந்ததும் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்தி, முதல் நாள் உன் அப்பா எங்கே என்று கேட்டேனே, மன்னித்துக்கொள் என்றார். அவர் அதை இத்தனை வருடம் ஞாபகம் வைத்திருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் என் நிலைமை மோசமாகிவிட்டது. நான் வேலை முடிந்து வந்து ஷூவைக் கழற்றும்போதே அம்மா மருமகளிடம், “உன் மாமனார் டூட்டி முடிஞ்சு வந்துட்டாரு, காபி போடு” என்பாள். ஒரு வெள்ளிக்கிழமை மட்டும், பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல், அப்படிக் கூப்பிடும்போது உனக்கு எப்படிடா இருக்கும் என்று கேட்டாள். முதல் ரெண்டு வருஷம்தாம்மா, அப்புறம் பழகிடுச்சு என்றேன். பொய். பழகவே இல்லை. அவளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். கையிலிருந்த பூண்டை உரித்து முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

மகள் ஒரு முற்பகலில் பிறந்தாள். மறுநாள் சூடான்காரர் ஈச்சம்பழப் பெட்டியோடும் பிறப்புச் சான்றிதழுக்கான படிவத்தோடும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கம்பெனியில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் அந்தப் படிவத்தை அவர்தான் நிரப்புவார். மனைவி கட்டிலில். அம்மா ஜன்னலோரம் பேத்தியைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றபடி ஆட்டிக்கொண்டிருந்தாள். அவர் குழந்தையின் பெயரை எழுதிவிட்டு, பக்கத்துக் கட்டத்தில் வழக்கம்போல என் அப்பாவின் பெயரை எழுதப் பேனாவை வைத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அம்மாவைப் பார்த்து, நான் பல நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். ஜான்சன் கதை, மட்டில்டா கதை, நீ இல்லாவிட்டால் நான் ஏது என்பது, எல்லாம். சொல்லி முடித்து, இவளுக்கு உன் பெயரைத்தான் போடப் போகிறேன் என்றேன்.

அம்மா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். சின்ன வயதில் முட்டை ஏன் சின்னதாக இருக்கிறது என்று கேட்டபோது பார்த்த அதே பார்வை.

“எம் பேரு எதுக்குடா? ஒனக்கு அப்பன் இல்லாதப்ப நான் நின்னேன், அது சரி. இவ அப்பன் எங்கயும் ஓடிப் போகலையே. இந்தா எதுக்கவே நிக்கிறான். அவன் பேரைப் போடு.”

 பதினோரு வருடம் அந்தப் பெயரை எப்படிக் கழற்றி எறிவது என்றே யோசித்துக்கொண்டிருந்தவனுக்கு, எனக்கும் ஒரு பெயர் இருக்கிறது, அதையும் எழுதலாம் என்பது தோன்றவே இல்லை. ஊரில் யாராக இருந்தாலும் யோசிக்காமல் செய்திருக்கக்கூடிய காரியம். இந்த ஊர்க் கட்டங்களில் விழுந்து விழுந்து எங்கள் வழக்கமே எனக்கு மறந்துபோயிருந்தது. அம்மா சொன்னது என்ன என்று சூடான்காரர் கேட்க, மனைவிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். என் பாஸ்போர்ட்டில் இருப்பதும் உங்கள் பெயர்தானே, நானும் பிள்ளையும் ஒன்றாகிவிடுவோம், ஏர்போர்ட்டில் நீங்கள் தனியாக விளக்கம் சொல்லிக்கொள்ளுங்கள் என்று எனக்கும் ஒரு குட்டு வைத்தாள்.

சூடான்காரர் அம்மாவைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, என் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டார். பதினோரு வருடப் பழக்கத்தில் முதல் முறையாகக் கேட்டார். நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.

யார்டுக்கு இனிப்பு கொண்டுபோனபோது ஜான்சனிடம் நடந்ததைச் சொன்னேன்.  ஆக, உங்கள் முறையில் ஒரு மோசமான ஜான் வந்து சேர்ந்தால் அவன் ஆயுசு ஒரு தலைமுறைதான், இல்லையா என்றார். ஆமாம் சார், நல்லவனுக்கும் அவ்வளவுதான் என்றேன். அது நியாயம் என்று சொல்லிவிட்டு மூன்றாவது லட்டை எடுத்துக்கொண்டார். தன் வம்சாவளியைத் தேடுவதை அவர் விட்டுவிட்டாரா என்று கேட்காதீர்கள். இன்னமும் சுவரில் முட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

இரண்டாம் மாதம் தடுப்பூசிக்கு நான், மனைவி, அம்மா மூன்று பேரும் மகளைத் தூக்கிக்கொண்டு அரசாங்க கிளினிக்குக்குப் போனோம். கூடத்தில் பத்துப் பதினைந்து குழந்தைகள், அத்தனையும் அழுதுகொண்டு. பிலிப்பைன்ஸ் நர்ஸ் ஒருத்தி கதவைத் திறந்து திறந்து ஒரு குடும்பப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா பெயருக்காகக் காது தானாகவே காத்துக்கொண்டிருந்தது என்று இப்போது தோன்றுகிறது. நர்ஸ் ஏதோ ஒரு பெயரை இரண்டு தரம் கூப்பிட்டாள். யாரும் எழுந்திருக்கவில்லை. அம்மா முழங்கையால் என் விலாவில் இடித்தாள்.

“டேய், ஒம் பேரைத்தான் கூப்புடுறாங்க.”

வகுப்பில் வருகைப் பதிவு வாசிக்கும்போது எழுந்ததைப் போல எழுந்து நின்று, ‘யெஸ்’ என்றேன். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நர்ஸ் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்து, உங்களுக்கு இல்லை சார், குழந்தைக்கு என்றாள். இந்த நாட்டில் ஒரு அரசாங்க அறையில் என் பெயரைச் சத்தமாகச் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கூப்பிட்டது என் மகளை. நான் அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

ஊசி அவளுக்குத்தான் போட்டார்கள். அழுதது நான் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.